பெயரே குற்றமா?

ரோமாபுரி முதல் ஒட்டமாவடி வரை ஒரு பழைய கேள்வி

மடுல்சீமை மலைகளில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் தெய்வங்களுக்குக் குறைவில்லை. லயத்துக்கு அருகே மாரியம்மன் கோயில். மலை உச்சியில் ஒரு கல்லுக்குப் பட்டுக் கட்டி நிறுத்திய முனியாண்டி. தேயிலை ஸ்டோரின் சக்கரங்களைக் காக்க ரோதமுனி. கவ்வாத்துக் கத்தியை எடுக்குமுன் கவ்வாத்துச்சாமிக்கு ஒரு பூசை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டம் திறக்கத் தமிழகத்திலிருந்து வந்த மக்கள் கொண்டுவந்ததும், மலையில் வாழ்ந்து உருவாக்கிக்கொண்டதுமான வழிபாடு இது. ஒரு தொழிலாளி இந்தச் சாமிகளைப் பற்றி மனத்துக்குள் என்ன நினைக்கிறான் என்று எவரும் கேட்பதில்லை. பூசைக்கு வந்தானா, திருவிழாவுக்குப் பணம் கொடுத்தானா என்றுதான் கேட்பார்கள்.

ஒரேயொரு குடும்பம் மட்டும், "நாங்கள் வணங்குவது ஒருவனைத்தான், ரோதமுனிக்குப் பணம் தரமாட்டோம்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஆனால் அடுத்த வாரம் ஸ்டோரில் யாராவது ஒருவனுடைய கை சக்கரத்தில் சிக்கிவிட்டால்? எல்லோருடைய பார்வையும் அந்தக் குடும்பத்தின் மீதுதான் திரும்பும்.

நம் தோட்டங்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் பல தலைமுறைகளாக ஒருவருக்கொருவர் இடம் கொடுத்து வாழ்ந்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மை எவ்வளவு அரியது என்பது, அது இல்லாமற்போன இடங்களின் கதையைப் படிக்கும்போதுதான் தெரிகிறது. ஈஸா நபி (அலை) அவர்களைப் பின்பற்றிய முதற்கால மக்களை ரோமாபுரி நடத்திய விதம் அப்படிப்பட்ட கதை. அதில் எழுந்த கேள்வி நம் நாட்டிலும் பலமுறை எழுந்திருக்கிறது. அண்மையிலும் எழுந்தது.

சடங்கு போதும், நம்பிக்கை வேண்டாம்

ரோமருக்கு மதம் என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். தெய்வங்களுக்கு உரிய பலியையும் சடங்கையும் குறைவின்றிச் செய்தால், அவை நகரத்தைக் காக்கும். செய்யாவிட்டால் கோபிக்கும். அடுப்புக்கு வெஸ்தா, வயல் எல்லைக்கல்லுக்கு டெர்மினஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வம் இருந்தது. கோதுமைப் பயிரைத் துரு நோய் தாக்காமலிருக்க ஆண்டுதோறும் ஏப்ரல் 25ஆம் திகதி ரொபிகஸ் என்ற தெய்வத்துக்குப் பலி கொடுத்தார்கள். வேதநூல் கிடையாது, கலிமா போன்ற ஓர் உறுதிமொழியும் கிடையாது.

அதனால் அவர்கள் அயல்நாட்டுத் தெய்வங்களைப் பெரும்பாலும் வரவேற்றார்கள். ஹன்னிபாலுடன் போர் நடந்துகொண்டிருந்த கி.மு. 204இல் சின்னாசியாவிலிருந்து சிபெலே என்ற தாய்த் தெய்வத்தை அரசாங்கமே ரோமுக்கு அழைத்து வந்தது. ஆனால் தாராளத்துக்கு ஓர் எல்லை உண்டு. கி.மு. 186இல், இரவில் இரகசியமாகக் கூடிய பாக்கஸ் வழிபாட்டுக் கூட்டங்களைச் சதிகாரர் கூட்டமென்று கருதிச் செனட் சபை கடுமையாக ஒடுக்கியது. தெய்வம் புதிதாக இருக்கலாம், ஆனால் அரசின் கண்ணுக்கு மறைந்து மக்கள் கூடக்கூடாது என்பதே விதி.

யூதர்களின் நிலை வேறு. அவர்கள் சிலைகளை வணங்க மறுத்தார்கள். ஆனால் அவர்களுடையது தொன்மையான, பரம்பரையான மார்க்கம். பழைமைக்கு ரோமர் மதிப்புக் கொடுப்பவர்கள். சக்கரவர்த்தியை வணங்குவதற்குப் பதிலாகச் சக்கரவர்த்திக்காக ஜெரூசலம் ஆலயத்தில் பலி செலுத்த யூதர்கள் அனுமதிக்கப்பட்டிருந்தனர். கி.பி. 70இல் அந்த ஆலயம் அழிக்கப்பட்ட பின், அதற்கு அவர்கள் கொடுத்துவந்த காணிக்கையையே ரோம் தனக்குரிய வரியாக மாற்றிக்கொண்டது.

கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பழைமையின் பாதுகாப்பு இல்லை. நேற்று முளைத்த கூட்டம். மூதாதையரின் வழக்கத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். ரோம ஆளுநர் ஒருவரால் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒருவரைப் பின்பற்றுவதாகத் தாமே சொல்பவர்கள். அவர்களுக்குச் சூட்டப்பட்ட முக்கியமான பட்டம் என்ன தெரியுமா? 'நாத்திகர்கள்!' ஊர்த் தெய்வங்களை மறுப்பவர்கள் ஊரைக் காட்டிக்கொடுப்பவர்கள் என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

வதந்தியின் வேகம்

மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது தெரியாதபோது வதந்தி அந்த இடத்தை நிரப்பும். கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் 'சகோதரர்', 'சகோதரி' என்று அழைத்துக்கொண்டார்கள். முறைகேடான உறவு நடக்கிறது என்று ஊர் பேசியது. அவர்களுடைய திருவிருந்தைப் பற்றிக் காதில் விழுந்ததைத் திரித்து, குழந்தைகளைக் கொன்று தின்கிறார்கள் என்றார்கள். ரோமின் பலத்தீன் குன்றில் ஒரு சுவரில் கிறுக்கப்பட்ட கேலிச்சித்திரம் இன்றும் இருக்கிறது. சிலுவையில் கழுதைத் தலையுடைய ஓர் உருவம். அதன் முன் கையுயர்த்தி நிற்கும் ஒருவன். 'அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்' என்ற பொருளில் கீழே ஒரு வரி. சக மாணவர்களோ சக ஊழியர்களோ செய்த பரிகாசமாக இருக்கலாம். ஆனால் அந்த அலெக்சாமெனோஸ் தினமும் அந்தச் சுவரைக் கடந்து போயிருப்பானே!

படித்தவர்களின் ஏளனம் வேறு வகை. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சஸ் என்ற தத்துவவாதி, கம்பளி நெய்பவர், செருப்புத் தைப்பவர், சலவைத் தொழிலாளர், பெண்கள், சிறுவர் ஆகியோரைத்தான் இந்த மார்க்கம் பிடிக்கிறது என்று குறைகூறி எழுதினார். உழைக்கும் ஏழைகள் சேர்ந்தார்கள் என்பது அவருக்குக் குற்றச்சாட்டு!

கி.பி. 64 ஜூலையில் ரோம் நகரம் தீப்பற்றி எரிந்தது. நகரின் 14 வட்டாரங்களில் மூன்று முற்றாக அழிந்தன. ஏழு கடுமையாகச் சேதமடைந்தன. மன்னன் நீரோவே தீ வைத்தான் என்ற பேச்சு எழுந்தது. பழியைத் திருப்ப அவனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஊர் ஏற்கெனவே வெறுத்த கிறிஸ்தவர்கள் கையருகே இருந்தார்கள். வரலாற்றாசிரியர் தசித்தஸ் அவர்கள்மீது சிறிதும் அன்பில்லாதவர். அவரே, அந்தத் தண்டனைகள் ஒரு தனிமனிதனின் கொடூரத்துக்காக நடந்தவை என்ற இரக்கம் மக்களிடம் எழுந்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

ஓர் ஆளுநரின் சந்தேகம்

கி.பி. 112 அளவில், கருங்கடலின் தென்கரையிலிருந்த பித்தினியா-பொந்தஸ் மாகாணத்துக்குப் பிளினி ஆளுநராக இருந்தார். இவருடைய தாய்மாமனான மூத்த பிளினிதான், நம் இலங்கையிலிருந்து கிளவ்தியஸ் மன்னனின் அவைக்குத் தூதர்கள் வந்த செய்தியை எழுதிவைத்தவர். மருமகன் பிளினி ஒழுங்கான அதிகாரி, தீயவர் அல்லர். அவர் முன் கிறிஸ்தவர்கள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் நிறுத்தப்பட்டார்கள். அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஆம் என்றவர்களைக் கொல்ல உத்தரவிட்டார். மறுத்து, தெய்வச் சிலைகளுக்கும் மன்னனின் உருவத்துக்கும் சாம்பிராணியும் திராட்சை மதுவும் படைத்தவர்களை விட்டுவிட்டார்.

ஆனால் அவர் மனம் அமைதியடையவில்லை. சக்கரவர்த்தி டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். அதில் அவர் கேட்ட ஒரு கேள்விதான் இக்கட்டுரைக்குத் தலைப்பு. கிறிஸ்தவன் என்ற பெயரே தண்டனைக்குரியதா, அல்லது அந்தப் பெயரோடு சேர்ந்த குற்றங்களுக்குத்தான் தண்டனையா?

குற்றம் எதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. சபையில் பணிவிடை செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் விசாரித்தார். கிடைத்த தகவல் இவ்வளவுதான்: குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், துதி பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், அமானிதமாக ஒப்படைக்கப்பட்டதை மறுக்கமாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள், பிறகு சாதாரண உணவு உண்கிறார்கள். பிளினி இதை எல்லை மீறிய மூடநம்பிக்கை என்றார். இன்னொன்றையும் குறிப்பிட்டார். கோயில்கள் வெறிச்சோடிக் கிடந்தன. பலி இறைச்சியை வாங்க ஆளில்லாமல் இருந்தது. இப்போதுதான் நிலைமை சீராகிறது என்றார். மதச் சண்டை என்று சொல்லப்படும் பலவற்றில் வியாபாரக் கணக்கு ஒன்று மறைந்திருப்பது புதிய விடயமல்ல.

டிராஜனின் பதில் சுருக்கமானது. அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம். யாராவது முன்வந்து குற்றஞ்சாட்டி அது நிரூபணமானால் தண்டிக்கலாம். மறுத்துத் தெய்வங்களை வணங்கினால் மன்னிக்கலாம். பெயரிடாத மொட்டைக் கடிதங்களை எந்த வழக்கிலும் ஏற்கக்கூடாது. அது நம் காலத்துக்கு ஏற்றதல்ல.

மொட்டைக் கடிதத்தை நிராகரித்தது நல்ல முன்மாதிரி. ஆனால் பிளினியின் கேள்விக்கு மன்னன் நேராகப் பதில் சொல்லவில்லை. தேடாமலே விடலாம் என்றால் அவர்கள் ஆபத்தானவர்கள் அல்லர். அகப்பட்டால் கொல்ல வேண்டும் என்றால் பெயரே குற்றம். இந்த முரண்பாட்டை அக்காலத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்துல்லியன் பிற்பாடு சுட்டிக்காட்டினார். நதி பெருகினாலும், மழை பொய்த்தாலும், கொள்ளைநோய் வந்தாலும் கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்கு எறியும்படி மக்கள் கூச்சலிடுவதையும் அவர் எழுதியிருக்கிறார்.

பப்பிரசு சீட்டும் தோம்பு ஏடும்

கி.பி. 249இன் இறுதியிலோ 250இன் தொடக்கத்திலோ தெசியஸ் என்ற மன்னன் ஒரு கட்டளையிட்டான். பேரரசு முழுவதிலும் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்த வேண்டும். செலுத்தியதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் பெற வேண்டும். இன்னார், இன்ன ஊர், எப்போதும் பலி செலுத்தி வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன் செலுத்தினேன் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிய நாற்பதுக்கும் மேற்பட்ட பப்பிரசுச் சீட்டுகள் எகிப்தின் மணலிலிருந்து கிடைத்துள்ளன. பலர் பயந்து பலி கொடுத்தார்கள். சிலர் இலஞ்சம் கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கினார்கள். சிலர் மறுத்துச் சிறை சென்றார்கள், உயிரும் விட்டார்கள். இந்தத் தெசியஸின் காலத்தில்தான் எபேசு நகர இளைஞர்கள் குகையில் ஒளிந்து நீண்ட துயில் கொண்டார்கள் என்று கிறிஸ்தவ மரபு கூறும். சூரத்துல் கஹ்பை ஓதும் நமக்குக் குகைத் தோழர்களின் வரலாறு அந்நியமானதல்ல. ஒருவனை மட்டுமே வணங்குவோம் என்று எழுந்து நின்ற இளைஞர்களுக்கு அக்காலத்தில் ஒளிவதற்கு ஒரு குகை தேவைப்பட்டது.

இலங்கையில் இத்தகைய சீட்டு வேறு உருவில் வந்தது. போர்த்துக்கேயரை வீழ்த்திய ஒல்லாந்தக் கம்பெனி 1658இல் கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று பிரகடனம் செய்தது. கத்தோலிக்கம் அவர்கள் பார்வையில் போர்த்துக்கேய விசுவாசத்தின் மறுபெயர். இந்துக்களும் பௌத்தர்களும் வழிபாட்டுத் தடைகளுக்கு உள்ளானார்கள். முஸ்லிம்கள் கட்டாய ஊழிய வேலைக்கும் வசிப்பிடக் கட்டுப்பாடுகளுக்கும் ஆளானார்கள்.

அரசாங்கப் பதவி வேண்டுமா, திருமணம் சட்டப்படி செல்ல வேண்டுமா, பிள்ளைக்குச் சொத்துரிமை உறுதியாக வேண்டுமா, பாடசாலைத் தோம்பில் ஞானஸ்நானப் பதிவு இருக்க வேண்டும். ஆகவே ஆயிரக்கணக்கான மக்கள் பதிவுக்குப் போனார்கள். ஏட்டில் கிறிஸ்தவர், வீட்டில் சைவர் அல்லது பௌத்தர். 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் ஏட்டுக் கிறிஸ்தவர்களின் தொகை மளமளவென்று சரிந்தது. தெசியஸின் சீட்டைப் போலவே தோம்பும் அரசுக்குக் காட்டிய முகத்தைத்தான் பதிந்தது. கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகளை 1806இல் ஆளுநர் மெயிற்லன்ட் நீக்கினார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் கெடுபிடிக்குப் பின்னும் அந்தச் சமூகம் அழியாமல் இருந்தது.

அடைக்கலம் கொடுத்த மலை

மடுல்சீமைக்கு அப்பால், சிறிய உலக முடிவு என்று இளைஞர்கள் படம் பிடிக்கப் போகும் செங்குத்துப் பாறையிலிருந்து கிழக்கே பார்த்தால் சமவெளி விரிந்து கிடக்கும். அந்தத் திசையில்தான் மட்டக்களப்பு. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களைத் தன் நாட்டுக்குள் ஏற்றான். சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாறு. கண்டி மன்னர்கள் முஸ்லிம்களுக்கு வைத்தியப் பணியும், மடிகே எனப்பட்ட பொதிமாட்டுப் போக்குவரத்துப் பணியும் கொடுத்தார்கள். உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிய தவளங்கள் கரையோரத்திலிருந்து ஊவா மலைகளுக்கு ஏறின. பாக்கும் மிளகும் இறங்கின.

பௌத்த மன்னன் ஒருவன் முஸ்லிம் அகதிகளுக்கு இடமளித்தது, ஏறக்குறைய கி.பி. 615இல் மக்காவிலிருந்து ஹிஜ்ரத் சென்ற ஸஹாபாக்களுக்கு அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி இடமளித்ததை நினைவூட்டவில்லையா?

இதே கண்டிக்கு 1692இல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் என்ற கத்தோலிக்கக் குரு வந்து சேர்ந்தார். 1687இல் ஏழைத் தொழிலாளி வேடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கி, ஒல்லாந்தர் கண்ணில் படாமல் இரவுகளில் வீடுகளில் வழிபாடு நடத்தியவர். கண்டியில் அவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று அரசனிடம் சொல்லப்பட்டது. இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையில் வைத்தான். ஆனால் தேடிப் பார்த்து, ஒற்று வேலைக்கு ஆதாரம் இல்லையென்று கண்டதும் விடுவித்தான். பிறகு வழிபாடு நடத்தவும் அனுமதித்தான். இம்மன்னன் தன் மதத்தில் பற்றில்லாதவன் அல்லன். குன்றிப்போயிருந்த பிக்கு மரபைப் புதுப்பிக்க அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்தவன். டிராஜன் பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு இவன் தன் செயலால் பதில் சொன்னான். பெயர் குற்றமல்ல; செயலைப் பார்.

நோய் வந்த காலம்

கி.பி. 249 முதல் பத்தாண்டுக்கு மேலாக ரோமப் பேரரசைக் கொள்ளைநோய் வாட்டியது. சொந்தக்காரர்களே நோயாளிகளைத் தெருவில் விட்டு ஓடினார்கள். கிறிஸ்தவர்கள் நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்துப் பராமரித்தார்கள்; பலர் தாமும் இறந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் பழைய தெய்வங்களை மீட்க முனைந்த ஜூலியன் மன்னனே (361–363), அவர்கள் தம் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று தன் பூசாரிகளைக் கடிந்துகொள்ள நேர்ந்தது.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. அரசன் தலைநகரை விட்டு நீங்கினான். நோயாளிகளைக் காட்டில் விட்டுவிடுவதே வழக்கமாக இருந்தது. ஜோசப் வாஸும் அவருடைய உறவினரான இன்னொரு குருவும் கைவிடப்பட்டவர்களுக்குக் குடில் அமைத்து, கழுவித் துடைத்து, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். எந்த மதத்தவர் என்று பார்க்கவில்லை. ஒற்றர் என்று ஐயுறப்பட்டவருக்கு அதன்பின் கண்டியில் எதிர்ப்பு அடங்கியது. 1711 ஜனவரி 16இல் அவர் கண்டியிலேயே காலமானார்; 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வாதத்தால் வராத நற்பெயர் பணிவிடையால் வருகிறது. பள்ளிவாசல் நிருவாகங்களும் குடும்பங்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய பாடம் இது.

துன்பப்பட்டவர் கையில் கோல் வந்தால்

கதை இங்கே முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். கி.பி. 303இல் டயோக்ளீஷியன் தொடங்கிய மிகப் பெரிய ஒடுக்குமுறை தோல்வியடைந்தது. 311இல் கலேரியஸ் மன்னன் மரணப் படுக்கையிலிருந்து அதை நிறுத்தினான். 313இல் கான்ஸ்டன்டைனும் லிசீனியஸும் மிலானில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அவரவர் விரும்பிய மார்க்கத்தைப் பின்பற்றும் உரிமை எல்லோருக்கும் வழங்கப்பட்டது. நல்ல முடிவுதான்.

ஆனால் 380இல் தியோடோசியஸ் காலத்தில் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவு அரசாங்கக் கொள்கையாயிற்று. 391, 392ஆம் ஆண்டுகளில் பழைய தெய்வங்களுக்குப் பலி செலுத்துவது தடை செய்யப்பட்டது. அலெக்சாந்திரியாவின் பெரிய செராப்பிஸ் கோயில் தகர்ந்தது. 384இல் சிம்மக்கஸ் என்ற பழைய மதத்துப் பிரமுகர், செனட் சபையிலிருந்து அகற்றப்பட்ட வெற்றித் தேவியின் பலிபீடத்தைத் திருப்பித் தருமாறு மன்றாடினார். இவ்வளவு பெரிய உண்மையை அடைய ஒரே வழிதான் இருக்க முடியுமா என்பது அவருடைய வாதம். மனு தள்ளப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்தவர்கள் கெஞ்சிய அதே சலுகையை இப்போது மற்றவர்கள் கெஞ்சினார்கள்.

நம் நாட்டிலும் அப்படியே. 1622இல் திருக்கோணேஸ்வரத்தை இடித்தவர்கள் சிலுவையோடு வந்த போர்த்துக்கேயர். ஜோசப் வாஸை ஏற்ற அதே கண்டியில், 1740களில் ஸ்ரீ விஜய ராஜசிங்கனின் ஆட்சியில் கத்தோலிக்க ஆலயங்கள் இடிக்கப்பட்டு, குருமார் துரத்தப்பட்டார்கள். 1817இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸ முஸ்லிம்களைக் கண்டிப் பிரதானிகளின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹஜ்ஜி மரிக்காரை அவர்களுக்கு முகாந்திரமாக நியமித்தார்கள். அது ஊவாக் கிளர்ச்சிக்கு ஒரு பொறியாக அமைந்தது, அவரும் கொல்லப்பட்டார். தவளம் ஓட்டி ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கிடையே அரசாங்கம் கோடு கிழித்தால் இரத்தம் சிந்துவது மக்கள்தான்.

அடக்கம் செய்யும் உரிமை

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களில் தொழுதுகொண்டிருந்த குடும்பங்களும் ஹோட்டல்களில் இருந்தவர்களும் குண்டுகளுக்கு இரையானார்கள். இறந்தவர்கள் 260க்கும் மேல். செய்தவர்கள் இஸ்லாத்தின் பெயரைச் சொன்னவர்கள். இதை மறைக்கவோ குறைத்துச் சொல்லவோ எவருக்கும் உரிமை இல்லை. ஆதிக் கிறிஸ்தவர்கள் வழிபாட்டு வேளையில் அஞ்சியதைப் போன்ற அச்சத்தை, நம் காலத்துக் கிறிஸ்தவக் குழந்தைகளுக்கு அவர்கள் கொடுத்துவிட்டார்கள்.

அதன்பின் பிளினியின் கேள்வி மீண்டும் எழுந்தது. மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அந்தக் கடைக்காரர்கள் குண்டு வைத்தவர்கள் அல்லர். அவர்கள் மீதிருந்த குற்றம் பெயர் மட்டுமே.

கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில், அந்நோயால் இறந்த அனைவரையும் எரித்தே ஆக வேண்டும் என்று வர்த்தமானி வெளியாகியது. நிலத்தடி நீர் மாசடையும் என்பது சொல்லப்பட்ட காரணம். உலக சுகாதார நிறுவனமோ அடக்கம் செய்யலாம் என்றே வழிகாட்டியிருந்தது. முஸ்லிம்களோடு, அடக்கத்தை விரும்பிய கிறிஸ்தவக் குடும்பங்களும் வேதனைப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் பிறந்து 20 நாளேயான குழந்தை ஒன்றும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் கபன் துணியை நினைவூட்டும் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள்.

கி.பி. 177இல், இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். மறுமையில் எழுவோம் என்ற நம்பிக்கையைக் குலைப்பதே நோக்கம் என்று வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பதிந்த கடிதம் கூறுகிறது. இரண்டு சம்பவங்களின் நோக்கமும் ஒன்றென்று சொல்வதற்கில்லை. ஆனால் ஜனாஸாவைக் கேட்டு நின்ற உறவினர்களின் வலி ஒன்றுதான்.

2021 பெப்ரவரியில் அந்த விதி மாற்றப்பட்டது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்பட்டன. எங்கே? மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒட்டமாவடியில். நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் செனரத் மன்னன் அகதிகளைக் குடியேற்றிய அதே மாவட்டம்! கட்டாய எரிப்புக்காக முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கோர 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது. மன்னிப்பு, போனவர்களைத் திருப்பித் தராது. எனினும் செய்தது தவறு என்று ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொள்வது சிறிய காரியமல்ல. நீரோவும் தெசியஸும் அதைச் செய்யவில்லை.

வீட்டில் தொடங்க வேண்டியது

வரலாற்றைப் புரட்டினால் எல்லாச் சமூகமும் ஒருநாள் சந்தேகிக்கப்பட்டிருக்கிறது; எல்லாச் சமூகத்திலிருந்தும் சிலர் ஒருநாள் சந்தேகித்திருக்கிறார்கள். மன்னர்களும் ஆளுநர்களும் கட்டளை போட்டார்கள் என்பது பாதிக் கதை. மீதிப் பாதி அண்டை வீட்டில் தொடங்கியது. டிராஜன் தேட வேண்டாம் என்று சொல்லியும் காட்டிக்கொடுத்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும் வகையில் வதந்தியைச் சுவைத்துப் பேசியவர்கள் பெற்றோர்கள். சுவரில் கழுதைத் தலையைக் கிறுக்கியவன் அதை எங்கேயோ கேட்டுத்தான் இருப்பான்.

எனவே நம் வீடுகளில் சில பழக்கங்கள் வேண்டும். இன்னொரு மதத்தவரின் வழிபாட்டைப் பற்றி நம் பிள்ளைகள் கேட்டால், தெரிந்ததைச் சொல்வோம். தெரியாவிட்டால் அந்த வீட்டாரிடமே மரியாதையாகக் கேட்டறியச் சொல்வோம். பெயரில்லாமல் வரும் குற்றச்சாட்டை, அது கடிதமாக வந்தாலும் கைத்தொலைபேசியில் வந்தாலும், அடுத்தவருக்குக் கடத்தாமல் நம்மோடு நிறுத்துவோம். லயத்தில் ஒரு வீட்டில் நோயென்றால் யார் வீடு என்று கேட்குமுன் கஞ்சியோடு போவோம். ஒருவன் தவறு செய்தால் அவன் பெயரைச் சொல்வோம். அவனுடைய சமூகத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம். நமக்கு அந்த நீதி வேண்டுமென்றால், மற்றவருக்கு அதை முதலில் கொடுக்க வேண்டியவர்களும் நாமே.

பிளினி தன் கேள்வியை எழுதிச் சுமார் 1,900 ஆண்டுகளாகின்றன. பதவியில் இருப்பவர்கள் அதற்கு ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறார்கள். மடுல்சீமையின் ஒரு லயத்தில், ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கும் நான்கு குடும்பங்கள் தினமும் சொல்லும் பதில் அவற்றைவிட உறுதியானது.